அட்டையின் இடது பாதி

தாம்பரம் வண்டியில் வருகிற வெளியூர்க்காரர்கள் பீச் ஸ்டேஷனில் இறங்கி, "பீச்சுக்கு எப்படிங்க போகணும்?" என்று கேட்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பாவம், அவர்கள் மேல் தப்பில்லை. பலகையில் கடற்கரை என்றுதான் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. வெளியே வந்தால் ராஜாஜி சாலை, பர்மா பஜார், வரிசை கட்டி நிற்கும் லாரிகள், துறைமுகத்தின் மதில். கடல் கண்ணில் படாது. சாலையைத் தாண்டி மண்ணடிப் பக்கம் நடந்தால் 'செகண்ட் லைன் பீச்' என்று ஒரு தெருவே இருக்கிறது. அங்கேயும் கடைகளும் மீன்பாடி வண்டிகளும்தான். ஒரு பிடி மணல் கிடையாது.

செகண்ட் லைன் என்று ஒன்று இருந்தால் ஃபர்ஸ்ட் லைன் ஒன்று இருந்திருக்க வேண்டும் இல்லையா? இருந்தது. ராஜாஜி சாலையின் பழைய பெயரே ஃபர்ஸ்ட் லைன் பீச்தான். நார்த் பீச் ரோடு என்றும் சொன்னார்கள். கடலில் நின்று பார்த்தால் முதல் வரிசைக் கட்டடங்கள் இது. அதற்குப் பின்னால் இரண்டாம் வரிசை. அந்தப் பெயருக்கு இன்னும் பொருள் இருந்த காலத்தில் எடுத்த ஒரு போட்டோ தபால் அட்டை என்னிடம் இருக்கிறது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, மூன்றரைக்கு ஐந்தரை அங்குலம். ஓரங்கள் பழுப்பேறி, ஒரு மூலை மடங்கிப் போயிருக்கிறது.

படம் எடுத்தவர் சாலையின் வடக்கில் நின்று தெற்கே பார்த்திருக்கிறார். வலது பக்கம் கட்டடங்கள், கோபுரங்கள், வளைவுகள். நடுவில் அகலமான சாலை, டிராம் தண்டவாளம், இரண்டு ஜட்கா, தலையில் மூட்டையோடு ஒருவர். தூரத்தில் ஹைகோர்ட் கோபுரம் மங்கலாகத் தெரிகிறது. இடது பக்கம் பார்த்தால் ஒன்றுமே இல்லை. குட்டைச் சுவர், வெற்று நிலம், அதற்கப்பால் கப்பல்களின் பாய்மரக் கம்பங்கள், மிச்சமெல்லாம் வானம். இந்த அட்டையை யாரிடம் காட்டினாலும் விரல் வலது பக்கம்தான் போகும். "இது ஜி.பி.ஓ, இது ஸ்டேட் பேங்க்" என்று தலைமைத் தபால் நிலையத்தையும் வங்கியையும் அடையாளம் சொல்வார்கள். அந்தக் கட்டடங்கள் இன்றைக்கும் இருக்கின்றன, போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இல்லாமல் போனது இடது பாதிதான். ஆனால் அதற்குப் போகுமுன் இந்த மாதிரி அட்டையை எப்படிப் படிப்பது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

தபால் அட்டை என்ற பொருள் 1869-ல் ஆஸ்திரியா-ஹங்கேரியில் பிறந்தது. இந்தியாவில் 1879-ல் கால் அணாவுக்கு வந்தது. அவை படமில்லாத வெறும் அட்டைகள். படம் போட்டவை மெட்ராஸில் பரவலாகப் புழங்கியது 1900-ஐ ஒட்டித்தான். மவுண்ட் ரோட்டில் புத்தகக் கடை வைத்திருந்த ஹிக்கின்பாதம்ஸ், போட்டோ ஸ்டுடியோ நடத்திய வீலே அண்ட் கிளைன் போன்றவர்கள் அட்டைகள் போட்டார்கள். படம் இங்கே எடுப்பது, அச்சடிப்பது பெரும்பாலும் ஜெர்மனியில். கண்ணாடித் தகட்டில் ஜெலட்டின் பூசி, ஒளி பட்ட இடம் இறுகுவதை வைத்து மை ஏற்றும் கொலோடைப் என்ற முறையில் ஜெர்மன் அச்சகங்கள் அப்போது பேர்போனவை. அங்கேயே வண்ணமும் ஏற்றினார்கள். வண்ணம் போட்டவர் மெட்ராஸைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார். அதனால் பழைய வண்ண அட்டையில் கட்டடம் ரோஜா நிறத்திலும் கடல் பச்சையாகவும் இருந்தால் அதை வைத்து எந்த வாதமும் செய்யாதீர்கள். வானத்தில் மிதக்கிற மேகம்கூடப் பிற்பாடு சேர்த்ததாக இருக்கலாம்.

என் அட்டை அந்த வகை இல்லை. அச்சு மை ஏறாத நிஜ போட்டோ இது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மையில் அச்சடித்த படம் புள்ளிகளாகவோ நுண்ணிய சுருக்கங்களாகவோ உடையும். நிஜ போட்டோ எவ்வளவு பெருக்கினாலும் கருப்பிலிருந்து வெள்ளைக்கு வழுக்கிக்கொண்டே போகும். இன்னொரு சோதனை, விளக்கு வெளிச்சத்தில் அட்டையைச் சாய்ப்பது. இருட்டான பகுதிகளில் வெள்ளி பூசியது போல மினுமினுப்பு தெரிந்தால், படத்திலிருக்கும் வெள்ளி நாள்பட்டு மேலே வந்திருக்கிறது என்று பொருள். 1903-ல் கோடக் கம்பெனி தபால் அட்டை அளவுக்கே ஃபிலிம் போடும் கேமரா ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்பக்கத்தில் தபால் அட்டைக் கோடுகள் அச்சடித்த போட்டோ தாளும் கடையில் கிடைத்தது. அப்புறம் ஜெர்மனிக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. பத்து அட்டை வேண்டுமா, பத்து மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

கீழே வெள்ளை எழுத்தில், கையால், 'ஃபர்ஸ்ட் லைன் பீச், மெட்ராஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. அட்டைமேல் வெள்ளை மையால் எழுதியதில்லை அது. நெகட்டிவ் மேல் கருப்பு மையால் எழுதினால் அந்த இடத்தில் ஒளி தாளுக்குப் போகாது, அச்சில் வெள்ளையாக விழும். மருந்து பூசிய பக்கத்தில் எழுதுவதால் எல்லாவற்றையும் இடவலம் மாற்றி எழுத வேண்டும். என் அட்டையில் கடைசி எஸ் மட்டும் திரும்பிக் கிடக்கிறது. எழுதியவருக்கு அந்த ஒரு எழுத்தில் கை பழக்கத்துக்குப் போய்விட்டது. இந்த அட்டையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

சரி, எந்த வருஷம்? தபால் தலை ஒட்டவில்லை, முத்திரை இல்லை. இருந்திருந்தால் ஏழாம் எட்வர்டு தலையா, 1911-க்குப் பிறகு வந்த ஐந்தாம் ஜார்ஜ் தலையா என்று பார்த்திருக்கலாம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே நெகட்டிவை வைத்து வருஷக்கணக்கில் அட்டை விற்பார்கள். ஆகவே முத்திரைத் தேதி 'இதற்குப் பிறகு எடுத்ததில்லை' என்று மட்டும்தான் சொல்லும். பின்பக்கத்தில் நடுவே ஒரு கோடு இருக்கிறது, இடப்பக்கம் செய்திக்கு, வலப்பக்கம் விலாசத்துக்கு. முன்பெல்லாம் பின்பக்கம் முழுக்க விலாசம் மட்டும்தான். சொல்ல வேண்டியதைப் படத்தின் ஓரத்தில் கிறுக்க வேண்டும். 1902-ல் பிரிட்டன் இந்தக் கோட்டை அனுமதித்தது, மற்ற நாடுகள் பின்தொடர்ந்தன. ஆக 1902-க்கு முன்னால் போக முடியாது.

முன்பக்கம் மற்றதைச் சொல்கிறது. டிராம் தண்டவாளத்துக்கு மேலே கம்பி ஓடுகிறது. மெட்ராஸில் மின்சார டிராம் 1895-ல் தொடங்கியது, இந்தியாவிலேயே முதன்முதல். ஆரம்பத்தில் மின்சாரம் தரைக்கடியில், தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் ஓடியது. நம் ஐப்பசி மழை தெரியாதவர்கள் போட்ட திட்டம். பள்ளத்தில் தண்ணீர் நிரம்பினால் வண்டி நிற்கும். சில வருஷத்தில் மேல்கம்பிக்கு மாறிவிட்டார்கள். தெற்கு முனையில் இன்றைக்குப் பாரிமுனையின் அடையாளமாக இருக்கும் டேர் ஹவுஸ் இல்லை; அது 1940-ல் வந்தது. தாம்பரத்துக்கு மின்சார ரயில் விட்டது 1931-ல். அதற்கான கம்பங்களும் இடது பக்கத்தில் தெரியவில்லை. மோட்டார் கார் ஒன்றுகூட இல்லை, ஆனால் அந்த நிமிஷம் கார் போகவில்லை என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் தேடக் கூடாது. மொத்தத்தில் 1930-க்கு முன்னால், முதல் உலகப் போரை ஒட்டி என்று என் கணக்கு.

வலது பக்கத்தை வேகமாகக் கடந்துவிடலாம். ஜி.பி.ஓ. 1884-ல் திறந்தது, ராபர்ட் சிஸம் கட்டியது. அதே வரிசையில் இருக்கும் ஸ்டேட் பேங்க் கட்டடம் 1890-களின் பிற்பகுதியில் பேங்க் ஆஃப் மெட்ராஸுக்காகக் கட்டியது. ஹென்றி இர்வின் மேற்பார்வை, ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டி. அந்த வங்கி 1921-ல் இம்பீரியல் பேங்கில் கரைந்தது, அது 1955-ல் ஸ்டேட் பேங்க் ஆனது. இதே தெருவில்தான் அர்பத்நாட் கம்பெனியும் இருந்தது. 1906 அக்டோபரில் அது திவாலாகி, பென்ஷன் பணத்தைப் போட்டு வைத்திருந்த எத்தனையோ குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. வெள்ளைக்காரன் கம்பெனி கவிழாது என்ற நம்பிக்கையும் அதோடு போனது. அடுத்த வருஷமே இந்தியன் வங்கி பிறந்தது. ஹைகோர்ட் 1892, அதன் உயரமான கோபுரம் 1894-லிருந்து கலங்கரை விளக்கமாகவும் வேலை செய்தது.

இப்போது இடது பாதி.

இந்தக் கரையில் இயற்கையாக ஒரு துறைமுகம் கிடையாது. குடா இல்லை, ஆழமான ஆற்றுமுகம் இல்லை. நேர்க்கோடாக மணல், அதில் ஓயாமல் அறையும் அலை. இரண்டு நூற்றாண்டுக்கு மேல் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நின்றன. ஆளும் சரக்கும் கரைக்கு வருவது மசூலாப் படகில், தமிழில் சலங்கு. அந்தப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலையில் தரை தட்டினால் உடையும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். கூடவே கட்டுமரக்காரர்கள் வருவார்கள், யாராவது தவறி விழுந்தால் தூக்க. கப்பலுக்குப் போகும் கடிதத்தைக் கட்டுமரக்காரர் தலையிலிருக்கும் கூம்பு ஓலைத் தொப்பிக்குள் வைத்து, நனையாமல் அலை தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். ஜி.பி.ஓ. வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தத் தெருவில் தபால் நடந்தது அப்படித்தான். படகுக்காரர்கள் பலர் வடக்கே இராயபுரத்தில் குடியிருந்தார்கள். ராயப்பர், அதாவது பீட்டர், பெயரில் அங்கே இருக்கும் கோயிலை வைத்துத்தான் ஊருக்கே பெயர் என்பார்கள்.

அலையோடு மல்லுக்கட்டி அலுத்துப் போய் 1861-ல் கடலுக்குள் ஒரு இரும்புப் பாலம் நீட்டினார்கள். அது போதவில்லை. 1875-ல் வேல்ஸ் இளவரசர் வந்து துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். பின்னாளில் தபால் தலையில் தலை காட்டிய எட்வர்டு அவர்தான். கடலுக்குள் இரண்டு கைகள் போல அலைதடுப்புச் சுவர்களை நீட்டி, வளைத்து, கிழக்கே ஒரு வாசல் விடுவது திட்டம். கைகள் கிட்டத்தட்ட முடிந்திருந்த சமயம், 1881 நவம்பரில் ஒரு புயல். பெரிய கான்கிரீட் கட்டைகளைக் கடல் தள்ளிப் போட்டுவிட்டது. மறுபடி கட்டினார்கள். இந்தத் தடவை புயல் தொந்தரவு செய்யவில்லை, மணல் செய்தது.

நம் கரையில் மணல் ஒரு இடத்தில் நிற்பதில்லை. வருஷத்தில் பெரும்பகுதி அலை தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மோதும். மணல் வடக்கே நகரும். வாடைக்காலத்தில் சில மாதம் மட்டும் திரும்பித் தெற்கே போகும். வரவு செலவு பார்த்தால் மணலின் பயணம் வடக்கு நோக்கித்தான். இந்தப் பாதையின் குறுக்கே துறைமுகக் கை நின்றது. தெற்கிலிருந்து வந்த மணல் அங்கே முட்டிக் குவிந்தது, முனையைச் சுற்றி வந்து கிழக்கு வாசலையும் அடைத்தது. 1904-ல் துறைமுகப் பொறுப்புக்கு வந்த பிரான்சிஸ் ஸ்ப்ரிங், கிழக்கு வாசலை மூடி வடகிழக்கில் புது வாசல் வைத்தார். கப்பலுக்குப் பிரச்சினை தீர்ந்தது. மணல் குவிவது நிற்கவில்லை.

குவிந்த மணல் எங்கே போனது? மெரினாவுக்கு. 1884-ல் அப்போதைய கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே நடைபாதை போட்டபோது கடல் இப்போது இருப்பதைவிடச் சாலைக்கு வெகு அருகில் இருந்தது. இன்றைக்குச் சுண்டல் வாங்கிக்கொண்டு அலை வரைக்கும் நடப்பதற்குள் கால் வலிக்கிறதே, அந்த அகலம் துறைமுகம் கொடுத்தது. கூவத்தின் வாய் மணலில் அடைத்துக்கொள்வதற்கும் அதே காரணம்தான். ஃபர்ஸ்ட் லைன் பீச்சுக்கு முன்னால் இருந்த கடலோ சுவர்களுக்குள் அகப்பட்டுத் துறைமுகத் தொட்டியானது. கரையை ஒட்டி நிரப்பி, அதன்மேல் தண்டவாளமும் கிடங்குகளும் வந்தன. என் அட்டையின் இடது பாதியில் இருக்கும் வெற்று நிலம் அந்த மாற்றத்தின் நடுப்பகுதி. கடல் ஏற்கெனவே பின்வாங்கிவிட்டது, அதன் இடத்தில் வர வேண்டியவை இன்னும் முழுசாக வரவில்லை. கேமராக்காரருக்கு அத்தனை தூரம் பார்வை கிடைத்ததே அந்த இடைவெளியால்தான். இன்று அதே இடத்தில் நின்றால் பஸ்ஸின் பின்பக்கம்தான் தெரியும்.

இந்த வெற்று நிலத்துக்கு மேலே 1914 செப்டம்பர் 22 இரவு குண்டுகள் பறந்தன. எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வந்து, துறைமுகத்தை ஒட்டியிருந்த எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. ஊரே பயந்து காலி செய்துகொண்டு ஓடியது. போனது கப்பல், தங்கியது சொல். கெட்டிக்காரத்தனமும் முரட்டுத்தனமும் கலந்த ஆளை "அவன் எம்டன்டா" என்று இன்றும் சொல்கிறோம். போரால் ஜெர்மன் அச்சகங்களிலிருந்து அட்டை வருவதும் நின்றுபோனது. இந்தத் தெருவை அழகழகாக அச்சடித்து அனுப்பிய நாடே இதன்மேல் குண்டும் போட்டது என்பது சரித்திரத்தின் குசும்பு.

பிற்பாடு இடது பாதியை நிரப்பியவர்களும் கடல் தாண்டி வந்தவர்களே. பர்மாவில் 1960-களில் கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபோது, தலைமுறைகளாக அங்கிருந்த தமிழர்கள் கையில் கிடைத்ததோடு இந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அவர்களில் பலருக்குப் பிழைப்புக்காகக் கிடைத்த இடம் சாலையின் கடல் பக்கத்து நடைபாதை. அதுதான் பர்மா பஜார். அட்டையில் குட்டைச் சுவர் ஓடும் கோட்டில் ஏறக்குறைய இன்றைக்குக் கடைகள் ஓடுகின்றன. ஒரு நாள் அட்டையைக் கொண்டுபோய் அங்கே வைத்துப் பார்த்தேன். கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல நம்ம கடை எங்க சார் வரும்?" என்று கேட்டார். ஒன்றுமில்லாத இடத்தில் விரல் வைத்துக் காட்டினேன். அவருக்கு அவ்வளவாகத் திருப்தியில்லை.

அட்டையில் வராத இன்னொரு பாதியும் உண்டு, கேமராக்காரரின் முதுகுக்குப் பின்னால். அவர் தெற்கே பார்த்தார், வடக்கே திரும்பவில்லை. நான் பார்த்த மெட்ராஸ் அட்டைகளில் ஜி.பி.ஓ. வருகிறது, ஹைகோர்ட் வருகிறது, மெரினா எண்ணிலடங்காமல் வருகிறது. கட்டுமரமும் மீனவர்களும் 'மெட்ராஸ் காட்சிகள்' என்ற வகையில் வருகிறார்கள். ஆனால் அந்த மீனவர்கள் குடியிருந்த இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்த் தெருக்கள் என் கண்ணில் பட்டதேயில்லை. கப்பலிலிருந்து இறங்கியவரும் கப்பலேறப் போகிறவரும்தான் அட்டை வாங்கினார்கள். அவர்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

மணல் கணக்கில் நஷ்டம் விழுந்தது அங்கேதான். தெற்கே தேங்கிய மணல் வடக்கே போயிருக்க வேண்டிய மணல். வரவு நின்றுவிட்டது, ஆனால் அலை தன் செலவை நிறுத்தவில்லை. இருந்த மணலை வாரி வடக்கே கொண்டுபோய்க்கொண்டே இருந்தது. இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கரை தேய்ந்தது. மீனவர் குப்பங்களில் வீடுகள் போயின, தெருக்கள் போயின, சாலையையும் கடல் தொட்டது. பாறாங்கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்தில் கடல் நின்றது, கல் முடிகிற இடத்தில் அரிக்கத் தொடங்கியது. அதற்கு வடக்கே 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. அங்கிருந்து அதே மணல் கதை மறுபடியும்.

திருவொற்றியூர்க் குப்பத்தில் கற்கள்மேல் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் இந்த அட்டையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தார். கட்டடங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "இதெல்லாம் கீதுல்ல இன்னும்?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வலை ஊசி பிடித்திருந்த கையாலேயே கடலைக் காட்டினார். "அதோ அலை ஒடையுது பாரு நைனா, அதுக்கும் அந்தாண்ட எங்க தெரு. கோடியில ஒரு டீக்கடை இருந்துச்சு."